ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு? கடிகாரம் பிடிபடாத ஒரு சிறுவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

வகுப்பாசிரியர் அனுப்பிய குறிப்பில் இரண்டே வரிகள்தான் இருந்தன. "கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை. எதிலும் மெதுவாக இருக்கிறான்." இரண்டும் ஒரே குறை என்பதுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. பெற்றோரும் அப்படித்தான் நம்பினார்கள்: மணி பார்க்கத் தெரிந்துவிட்டால் பையன் தானாகச் சுறுசுறுப்பாகிவிடுவான். அந்த இரண்டு வரிகளையும் பிரித்து எடுத்து, தனித்தனியாகக் கவனித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தேவைப்படும் இடங்களில் உதவும் ஆசிரியர். சிறுவனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பெற்றோருக்குத் தெரிந்து, அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

பின்னணி

பார்வை, கேட்கும் திறன், பேச்சு எதிலும் குறையில்லை. வயதுக்கேற்ப வாசிக்கிறான். நூறு வரை தடங்கலின்றி எண்ணுவான். ஐந்து ஐந்தாக எண்ணச் சொன்னால் முப்பது வரை ஓடும். அதற்குமேல் விரல் விடத் தொடங்குவான். இந்தச் சின்ன விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

முதல் சந்திப்பில் அம்மா சொன்ன முதல் தகவல், "பதினஞ்சு மாசத்துலதான் டீச்சர் நடந்தான். அப்பவே ஸ்லோதான்" என்பது. ஏழு வருடமாக அந்தப் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிந்து கிடக்கிறது. பதினைந்து மாதம் அதற்கு உள்ளேதான் இருக்கிறது. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப அது லேட் இல்லையா?" என்று கேட்டார். தாமதம் என்ற முத்திரை ஒரு குழந்தைமேல் எவ்வளவு சீக்கிரம் விழுந்துவிடுகிறது, எவ்வளவு நாள் அப்படியே நிற்கிறது!

இன்னொரு தகவல் பேச்சுவாக்கில் வந்தது. அப்பா வேலையிலிருந்து வரத் தாமதமாகும் என்பதால் பையன் இரவு பத்தைத் தாண்டித்தான் படுப்பான். காலையில் ஆறு மணிக்கு எழுப்புவார்கள். ஆகக் கிடைப்பது எட்டு மணி நேரத் தூக்கத்துக்கும் குறைவு. 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடிகாரப் பாடம் எதற்கு? தூக்கம்தான் முதல் மருந்து என்று அப்போதே குறித்து வைத்தேன்.

முதலில் பார்த்தவை

முதலில் டிஜிட்டல் கடிகாரத்தைக் காட்டினேன். எந்த நேரத்தைக் காட்டினாலும் எண்களைத் தவறில்லாமல் வாசித்தான். "இவனுக்கு டிஜிட்டல் தெரியும், முள் கடிகாரம்தான் தெரியாது" என்று வீட்டில் சொன்னதற்கு இதுதான் காரணம். சரி, வாசிக்கிறான், புரிகிறதா? 7:58 என்று காட்டி, இது ஏழுக்குப் பக்கமா எட்டுக்குப் பக்கமா என்று கேட்டேன். யோசிக்காமல் "ஏழு" என்றான். முன்னால் ஏழு இருக்கிறதே! 7:59க்கு அப்புறம் என்ன வரும் என்றதற்கு, "7:60" என்றான். அவனுக்குத் தெரிந்த எண் வரிசைப்படி அது முற்றிலும் சரியான பதில். டிஜிட்டல் கடிகாரம் எண்ணைக் காட்டுமே தவிர, ஒரு நேரம் இன்னொரு நேரத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதைக் காட்டாது.

பிறகு முள் கடிகாரம். நான்கு மணியைச் சரியாகச் சொன்னான். இரண்டரை மணியை "மூணரை" என்றான். 9:15ஐ "ஒன்பது மூணு" என்றான். 3:50ஐ "நாலு அம்பது" என்றான். கேட்பவருக்கு இவை வாய்க்கு வந்த விடைகளாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டரைக்குச் சின்ன முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. எந்த எண்ணை எடுப்பது என்று தெரியாமல் முன்னால் இருப்பதை எடுத்திருக்கிறான். 9:15இல் பெரிய முள் மூன்றின்மேல் நிற்கிறது. மூன்று என்று எழுதியிருப்பதைப் பதினைந்து என்று வாசிக்க வேண்டும் என்பதை யாரும் அவன் மனதில் பதியும்படி சொல்லவில்லை. 3:50இல் சின்ன முள் நான்கைத் தொட இன்னும் 5 டிகிரிதான் பாக்கி. கண்ணுக்கு அது நான்குதான்.

இந்த மூன்றாவது தவறைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. நாம் "சின்ன முள் எதைக் காட்டுதோ அதுதான் மணி" என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த விதி மணி அடிக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் சரி. மற்ற நேரமெல்லாம் சின்ன முள் நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 30 டிகிரி. விதியை நம்பிய குழந்தை ஒவ்வொரு மணி நேரத்தின் கடைசிப் பகுதியிலும் தப்பாகச் சொல்லும். கவனக்குறைவு என்று திட்டும் வாங்கும்.

பேச்சு வழக்கும் தன் பங்குக்குச் சிக்கலைக் கூட்டுகிறது. மூன்றே முக்கால் என்று சொல்லும்போது முள் நான்கின் வாசலில் நிற்கிறது. கால், அரை, முக்கால் என்ற பின்னங்களைக் கணக்குப் பாடத்தில் சரியாகத் தொடுவதற்கு முன்பே குழந்தை அவற்றைக் கடிகாரத்தில் சந்திக்கிறது. ஒரே வட்டம், அதில் இரண்டு முள், ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள், பத்துப் பத்தாகப் பழகிய கைக்கு அறுபது என்றொரு புது எல்லை. இத்தனையையும் ஒரே வாரப் பாடத்தில் அடக்கப் பார்ப்பது எனக்கு ஒருபோதும் ஒப்புதலானதில்லை.

மூன்றாவதாக, நேரத்தின் நீளம் அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். இரண்டு பொம்மைக் கார்களை ஒரே நொடியில் கிளப்பி, ஒரே நொடியில் நிறுத்தினேன். ஒன்று வேகமாகப் போனதால் அதிக தூரம் போயிருந்தது. எது அதிக நேரம் ஓடியது? தூரம் போன கார்தான் என்றான், உறுதியாக. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே சிறு குழந்தைகளிடம் கண்டது இதைத்தான்: தூரம், வேகம், நேரம் மூன்றும் அந்த வயதில் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தவை 1928இல் டாவோஸ் நகரில் நடந்த கூட்டத்தில் ஐன்ஸ்டீன் அவரிடம் கேட்ட கேள்விகள். காலத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த மனிதருக்கும் குழந்தை அதை எப்படி அறிகிறது என்று தெரிந்துகொள்ளத் தோன்றியிருக்கிறது. நாமோ குழந்தையிடம் கேட்பதே இல்லை.

கேட்டேன். "அஞ்சு நிமிஷம்னா எவ்வளவு நேரம்?"

"அம்மா ரெண்டாவது தடவ கத்துற வரைக்கும்."

குறும்புக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்து, நிதானமாகச் சொன்னான். அவன் அனுபவத்தில் அது அச்சு அசலான வரையறை. காலையில் "அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்" என்றால் பெரும்பாலும் கால் மணி நேரம். "அஞ்சு நிமிஷத்துல வந்து விளையாடுறேன்" என்று அப்பா சொன்னால் சில நாள் முக்கால் மணி நேரம், சில நாள் வரவே மாட்டார். ஐந்து நிமிடம் என்பது அளவு என்று அவனுக்கு யாரும் நடந்து காட்டவில்லை. அது ஒரு மனநிலையின் பெயராக இருந்தது.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. முந்தைய நாள் முழுவதையும் வரிசையாகச் சொல்லச் சொன்னபோது, எழுந்ததிலிருந்து படுத்தது வரை ஒன்றுகூடத் தடம் மாறாமல் சொன்னான். எந்த வேலைக்கு முன் எது, எதற்குப் பின் எது என்பதில் அவனுக்கு அபாரமான தெளிவு. காலத்தின் வரிசை அவனிடம் இருந்தது. அளவுதான் இன்னும் வரவில்லை.

என்ன செய்தோம்

வகுப்பில் சும்மா கிடந்த பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றை எடுத்து, அதன் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டேன். சின்ன முள் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வரலாறே இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. ஐரோப்பாவின் ஆரம்பகாலக் கடிகாரங்கள் பலவற்றுக்கு மணி முள் ஒன்றுதான் இருந்தது. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடும் இயந்திரத்தில் நிமிட முள் வைத்து என்ன பயன்? டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகு பிழை நாளுக்குச் சில நொடிகள் என்ற அளவுக்குக் குறைந்தது. அதற்குப் பிறகுதான் நிமிட முள் பரவலாயிற்று. அதுவரை மனிதர்கள் ஒற்றை முள்ளை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினார்கள். ஏழு வயதுக் குழந்தைக்குச் சில மாதம் அது போதாதா?

முகப்பைப் பன்னிரண்டு துண்டுகளாக்கி, மூன்றிலிருந்து நான்கு வரை ஒரு நிறம், நான்கிலிருந்து ஐந்து வரை வேறொரு நிறம் என்று தீட்டினோம். அவனே தீட்டினான். மூன்றிலிருந்து நான்கு வரை மூணோட வீடு. நான்கைத் தாண்டும்வரை முள் மூன்றின் வீட்டில்தான் இருக்கிறது. வாசற்படிக்கு வந்துவிட்டாலும் இன்னும் வெளியே போகவில்லை. இந்த ஒரு படத்தில் "நாலு அம்பது" காணாமல் போனது.

நான் அவனிடம் மணி என்ன என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன். "முள் எங்க இருக்கு?" என்று மட்டும்தான் கேட்டேன். "மூணு தாண்டிக் கொஞ்சம்", "மூணுக்கும் நாலுக்கும் நட்டநடுவுல", "நாலு ஆகப்போகுது" என்றெல்லாம் பதில் வந்தது. இவை தோராயமான பதில்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் சரி. தப்பாகிவிடும் என்ற பயம் இல்லாமல் ஒரு கடிகாரத்தை அவன் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். முதல் சில வாரங்கள் இதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. நடுவில் வகுப்பாசிரியர் வந்து, "நிமிஷம் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பாடத்திட்டம் முடிக்க வேண்டிய கவலை, நியாயமானதுதான். நட்டநடுவில் என்பதை அவன் தானாகவே "அரை" என்று சொல்லத் தொடங்கட்டும், அன்றைக்கு ஆரம்பிக்கலாம் என்றேன். சொல்லத் தொடங்கினான். ஆரம்பித்தோம்.

நிமிடத்துக்கு வட்டத்தை வைத்துக்கொள்ளவில்லை. 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காகித நாடா வெட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஐந்துக்கு ஒரு தடிமனான கோடு போட்டோம். தரையில் நீளமாகக் கிடக்கும் நாடாவின்மேல் ஐந்து ஐந்தாக விரலால் தாவிப் போவான். முப்பதைத் தாண்டியதும் தடுமாறுவான் என்று சொன்னேன் அல்லவா, இங்கேதான் அது சரியானது. இதற்கு அவசரமே காட்டவில்லை. ஐந்து ஐந்தாக எண்ணத் தெரியாத குழந்தைக்குப் பெரிய முள்ளைக் காட்டுவது வீண் வேலை. அறுபது வரை நாக்கு பழகிய பிறகு ஒருநாள் நாடாவை வளைத்து, முனைகளை ஒட்டச் சொன்னேன். ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வளையம் வந்தது. பழைய கடிகாரத்தின் முகப்பைச் சுற்றி அது கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது. ஒட்டிய இடத்தை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாடாவின் தொடக்கமும் அறுபதும் ஒரே இடத்தில் இருந்தன.

"டீச்சர், அறுபது வந்தா மறுபடியும் ஒண்ணுமில்லாத இடம்."

"அப்ப 7:59க்கு அப்புறம்?"

கடிகாரத்தைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான். "எட்டோட வீடு" என்றான்.

பெரிய முள்ளைத் திரும்பப் பொருத்தியது இதற்குப் பிறகுதான்.

நேரத்தின் நீளத்துக்கு ஒரு நோட்டு வைத்தோம். ஒரு வேலையைத் தொடங்கும் முன் எவ்வளவு நேரமாகும் என்று ஊகித்து எழுதுவது, முடிந்ததும் அளந்து எழுதுவது. மணல் கடிகாரமும், நிறத்தட்டு மெல்ல மெல்லச் சுருங்கும் டைமரும் வைத்திருந்தோம். பல் துலக்க அரை மணி நேரம் என்று எழுதியிருந்தான். மூன்று நிமிடம்தான் ஆனது. ஒரு பக்கம் பார்த்து எழுதும் வீட்டுப்பாடத்துக்கு "ரெண்டு மணி நேரம்" என்று ஊகம். பதினொரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதைக் கண்டு அவன் சந்தோஷப்படவில்லை, கோபப்பட்டான். டைமர் கெட்டுப்போய்விட்டது என்றான். அடுத்த நாள் மறுபடி அளந்தான். பிடிக்காத வேலையில் நேரத்தையே கவனித்துக்கொண்டிருந்தால் அது நீண்டுகொண்டே போவதுபோல் இருக்கும். பிடித்த வேலையில் நேரம் போவதே தெரியாது. பெரியவர்களுக்கும் இதே கதைதான். அளந்து பார்த்ததில் பையனுக்கு ஒரு பிடி கிடைத்தது: வெறுக்கும் வேலைக்கும் ஒரு முடிவு உண்டு, அது பதினொரு நிமிடத்தில் வந்துவிடும்.

டைமரை வைத்துப் பந்தயம் விடுவதை நான் அனுமதிக்கவில்லை. "இதுக்குள்ள முடிச்சா ஸ்டிக்கர்" என்ற விளையாட்டு சில குழந்தைகளுக்கு உற்சாகமாக இருக்கலாம். ஏற்கெனவே 'ஸ்லோ' என்று பெயர் வாங்கிய குழந்தைக்கு அது விஷம். வீட்டில் ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தபோது சட்டைப் பொத்தான் மேல் கீழாக மாட்டி, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்று அழுதிருக்கிறான்.

வீட்டில்

எனக்கு இந்த ஆய்வின் மையப்பகுதி இதுதான். பெரியவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்று: கடிகாரத்தைச் சொல்லிக் கொடுக்கும் வேலையையும் கடிகாரத்தை வைத்து விரட்டும் வேலையையும் ஒரே வாயால் செய்யாதீர்கள்.

அம்மாவிடம் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தான் நேரத்தைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் குறித்துவைக்கச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்து காட்டினார். "மணியைப் பாத்தியா", "ஆச்சு ஆச்சு", "இன்னுமா", "வண்டி போயிடும்", "எத்தனை மணி இப்போ, சொல்லு பாக்கலாம்". கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாடமாக நினைத்து அம்மா கேட்ட கேள்வி, திட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. பையனுக்கு அது எப்படிப் பாடமாகப் படும்? அந்தத் தாளில் "நேரம் இருக்கு" என்ற ஒரு வாக்கியம்கூட இல்லை. அம்மாவே அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"இன்னும் கால் மணி நேரம் இருக்கு, நிதானமா முடி" என்றும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். நேரம் தீர்ந்துபோகும் பொருளாக மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கையில் இருக்கும் பொருளாகவும் தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் என்று சொன்னால் ஐந்தே நிமிடம். முடியாது என்றால் முன்கூட்டியே பத்து என்று சொல்லிவிடுவது. இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். அப்பாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வாரத்தில் பையனே டைமரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்திருக்கிறான்.

அப்பாவுக்கு வேறொரு ஆட்சேபமும் இருந்தது. "நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா உலகம் இவனுக்காக நிக்காதே." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பள்ளி வண்டி நிற்காது, மணி அடித்தால் கதவு மூடும். இதைக் குழந்தையிடம் மறைக்கவும் கூடாது. அதனால் ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் நமக்காகக் காத்திருக்காத விஷயங்களை எழுதினோம்: வண்டி, பள்ளி மணி, மருத்துவரைப் பார்க்கும் நேரம். மறுபக்கம் நாம்தான் காத்திருக்க வேண்டிய விஷயங்கள்: பல் விழுவது, காயம் ஆறுவது, பொத்தான் போடப் பழகுவது, ஐந்து ஐந்தாக எண்ண வருவது. வீட்டில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டாம் பக்கத்து விஷயத்தை முதல் பக்கத்து வேகத்தில் கேட்டதால் வந்தவை. பொத்தான் போடப் பழக வேண்டியது ஞாயிற்றுக்கிழமை மாலையில். வண்டி வரும் காலையில் அம்மா போட்டுவிட்டால் குடி முழுகிவிடாது. வீட்டில் இருந்த பாட்டி இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பதறாத காரியம் சிதறாதுன்னு நான் எப்பவோ சொன்னேன்."

படுக்கும் நேரத்தைக் கால் கால் மணி நேரமாக முன்னே இழுத்தார்கள். பையை இரவே அடுக்கி வைத்தார்கள். இவை சாதாரண ஏற்பாடுகள்; விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலை நேரம் இலகுவானதில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நகத்தில் வைத்த பொட்டு

நடுவில் ஒருநாள் அவன் சோர்ந்துபோய் வந்தான். பக்கத்து இருக்கைப் பெண் நிமிடம்வரை மணி சொல்கிறாளாம். "எனக்கு எப்ப வரும்?" என்று கேட்டான். சீக்கிரம் வந்துவிடும் என்று ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் என்பதும் அந்த வீட்டு ஐந்து நிமிடம் மாதிரி ஒரு சொல்தான்.

அவன் இடது கட்டைவிரல் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, நகப்பூச்சில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். இது நகத்தின் நுனிக்குப் போக எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். "நாளைக்கு" என்றான். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். மறுநாள் வந்து கையை நீட்டினான். பொட்டு அசையவே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நகத்தை இழுத்துப் பார்த்தான், வெந்நீரில் முக்கிப் பார்த்தான் என்று அம்மா சொன்னார். பிறகு தினமும் பார்ப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை அளவுகோல் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினான். பொட்டு அழிய ஆரம்பித்தால் அதே இடத்தில் மேலே பூசிக்கொள்வான். ஒரு மாதம் கழித்துப் பொட்டுக்கும் தோலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும்படி இடம் விழுந்திருந்தது.

இந்தப் பயிற்சிக்கு நான் எந்த விளக்கமும் தரவில்லை. தந்திருந்தால் அது இன்னொரு உபதேசமாகியிருக்கும். ஆனால் அதன்பின் அவன் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. பெரிய முள்ளில் தடுமாறும்போது முன்பெல்லாம் "எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவன், "எனக்கு இன்னும் வரலை" என்று சொல்ல ஆரம்பித்தான்.

நிலைமை இப்போது

முழு மணி, அரை, கால், முக்கால் நான்கையும் முள் கடிகாரத்தில் தயங்காமல் சொல்கிறான். ஐந்து நிமிடக் கணக்கில் பெரும்பாலும் சரி. நாற்பதுக்கு மேல் போனால் வளையத்தைத் தேடுகிறான். ஒற்றை நிமிடங்கள் இன்னும் வரவில்லை. "நாலு ஆகப் பத்து நிமிஷம் இருக்கு" என்பதுபோல் பின்னாலிருந்து எண்ணும் முறையைத் தொட்டுப் பார்த்தேன். குழம்பினான், அதனால் நிறுத்திவிட்டேன். வகுப்புத் தேர்வில் அந்த வகைக் கேள்விகள் அவனுக்குத் தப்பாயின.

பெற்றோருக்கு இது ஏமாற்றம். அவர்களிடம் ஒரு விவரத்தைக் காட்டினேன். அமெரிக்காவின் பொதுப் பாடத்தரத்தில் முழு மணியும் அரை மணியும் முதல் வகுப்பில், ஐந்து நிமிடக் கணக்கு இரண்டாம் வகுப்பில், ஒற்றை நிமிடம் மூன்றாம் வகுப்பில் வருகின்றன. மூன்று ஆண்டுக்குப் பரப்பி வைத்திருக்கும் பாடம் இது. அவர்கள் மகன் அந்த வரிசையில் ஏறக்குறைய தன் இடத்தில்தான் நிற்கிறான்.

காலை நேரம் மாறியிருக்கிறது. அழுகை குறைந்துவிட்டது, வண்டியைத் தவறவிடுவது அரிதாகிவிட்டது. இதில் எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு வீட்டுப் பேச்சு மாறியதால், எவ்வளவு கடிகாரப் பயிற்சியால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தோம். ஒரு குழந்தையை வைத்துப் பொது விதி எழுதவும் முடியாது. ஆனாலும் ஐந்து ஐந்தாக எண்ணுவதும், ஒற்றை முள்ளும், மூணோட வீடும் எந்தக் குழந்தைக்கும் உதவும் என்று துணிந்து சொல்வேன். வீட்டில் செய்தது அந்தந்த வீட்டைப் பொறுத்தது.

அவன் மெதுவானவன்தானா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆம், மெதுவாகத்தான் செய்கிறான். தூக்கம் சரியான பிறகும் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்ட மற்றவர்களைவிட அதிக நேரம் எடுக்கிறான். கோட்டைத் தாண்டாமல், விட்ட இடம் இல்லாமல் முடிக்கிறான். அது அவன் நடை. அதைத் திருத்த வேண்டிய குறையாக நான் பதிவு செய்யவில்லை. வகுப்பாசிரியரிடம் கொடுத்த அறிக்கையில், எழுத்துத் தேர்வுகளில் அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரலாம் என்றும், நேரம் முடிவதற்குச் சற்று முன்பே ஒருமுறை நினைவூட்டலாம் என்றும் எழுதியிருக்கிறேன். அவர் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்.

ஒற்றை நிமிடங்களை அடுத்த பருவத்தில் எடுக்கிறோம். பின்னாலிருந்து எண்ணுவதை மூன்றாம் வகுப்புக்கு ஒத்திவைத்திருக்கிறோம். அதற்குமுன் நாடாவில் அறுபதிலிருந்து ஐந்து ஐந்தாகக் கீழே இறங்கப் பழக வேண்டும். அதை இந்த மாதமே தொடங்கிவிட்டான்.